அந்தத் துப்பாக்கி ஏன் இன்னும் பட்டறையிலேயே இருக்கிறது

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க வந்தவரும் சரி, தராசு வாங்க வந்தவரும் சரி, இந்த நாலைந்து மாதமாகக் கேட்பது ஒன்றைத்தான்: "அந்தத் துப்பாக்கி ரெடியா?" ஒருவர் எங்களிடம் சரிசெய்யக் கொடுத்திருக்கும் பழைய கைத்துப்பாக்கியைத்தான் சொல்கிறார்கள். அதன் சொந்தக்காரர் பொறுமையாக இருக்கிறார், வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குத்தான் அவசரம். போதாததற்கு, "எங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடக்கிறது, கொண்டுவரட்டுமா?" என்று கேட்பவர்கள் வேறு. ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை. அதனால் இந்த மடல்.

கொண்டுவராதீர்கள். முதலில் போட்டோ மட்டும் அனுப்புங்கள்.

நாங்கள் மண்ணடியில் கடிகாரம், கிராமபோன், பூட்டு, கப்பல் சாமான் பார்க்கிறவர்கள். துப்பாக்கி பழுதுபார்க்கும் உரிமம் எங்களிடம் கிடையாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, அந்த உரிமம் இல்லாதவர் சுடக்கூடிய துப்பாக்கியைப் பழுதுபார்க்கக் கூடாது. தாத்தா காலத்தில் குழல் வாய்வழியாக வெடிமருந்து கெட்டித்த துப்பாக்கி என்றாலும் அதே கதைதான். அதே சட்டத்தின் 45ஆம் பிரிவு, பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலைக்குப் போய்விட்ட பழம்பொருளுக்கு மட்டும் விலக்குத் தருகிறது. நாங்கள் தொடுவது அந்த வகையை மட்டும். அது அந்த வகைதானா என்பதை நாங்களும் முடிவு செய்ய மாட்டோம், நீங்களும் செய்ய வேண்டாம். சென்னை மாநகருக்குள் உரிமம் கொடுக்கும் அதிகாரி காவல் ஆணையர். அங்கே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள். தோட்டா போடும் ரிவால்வர் மாதிரி ஏதாவது பரணில் இருந்தால் எங்களுக்குப் போட்டோகூட வேண்டாம். காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.

சரி, இப்போது இந்தத் துப்பாக்கிக்கு வருவோம்.

ராயபுரத்து வாடிக்கையாளர் ஒருவரின் குடும்பச் சொத்து இது. கிழக்கிந்தியக் கம்பெனிக் குதிரைப்படையினர் வைத்திருந்த மாதிரி கைத்துப்பாக்கி. பக்கத் தகட்டில் கிரீடத்தைப் பிடித்தபடி பின்னங்காலில் நிற்கும் சிங்கம். 1808க்கு முன்பு கம்பெனி இதய வடிவ முத்திரையைக் குத்தியது, சிங்கம் அதற்குப் பிறகு வந்தது. ஆனால் இது இன்னும் பிந்தியது, ஏனென்றால் இதில் சிக்கிமுக்கிக் கல் இல்லை, கேப் வைக்கும் முனை இருக்கிறது. தீபாவளிக்குப் பிள்ளைகள் கேப் வெடிக்கிறார்களே, ஏறக்குறைய அதே தத்துவம்: குதிரை, அதாவது விசையை இழுத்தால் பாயும் சுத்தியல், வந்து கேப்பில் அடிக்கும், அந்தப் பொறி உள்ளே இருக்கும் மருந்துக்குப் போகும். பிரிட்டிஷ் படைகள் 1840ஐ ஒட்டித்தான் இதற்கு மாறின.

வந்த அன்று நாங்கள் செய்த ஒரே வேலை, குழலுக்குள் ஒரு மரக்குச்சியை விட்டதுதான். வாய் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டு, குச்சியை வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்துப் பார்த்தோம். நெருப்பு உள்ளே போகும் துளை வரைக்கும் குச்சி போயிருக்க வேண்டும். இரண்டு விரல்கடை குறைந்தது. உள்ளே ஏதோ இருக்கிறது! நூறு வருடத்துக்கு முன் கெட்டித்த மருந்தும் குண்டும் அப்படியே கிடக்கலாம், அது வெடிக்கவும் வெடிக்கும். அப்படியே துணியில் சுற்றி, அவர் கையிலேயே கொடுத்து, உரிமம் உள்ள துப்பாக்கிக் கடைக்கு அனுப்பினோம். அங்கே எடுத்துப் பார்த்தால் குளவிக்கூடு! கல்லாகிப்போன மண். கூடவே குழலின் அடியைத் துரு தின்று ஓட்டை போட்டிருந்ததும் தெரிந்தது. அப்புறம் மனு, அலைச்சல், கையெழுத்து. ஐந்து வாரம் அதிலேயே போனது.

காகிதம் கைக்கு வந்தபின் திருகாணிகள் முறை. பக்கத் தகட்டைப் பிடிக்கும் இரண்டில் ஒன்றைக் காணோம். அதற்குப் பதிலாக யாரோ மின்விசிறித் திருகாணியை முறுக்கி ஏற்றியிருந்தார்கள். கைப்பிடி விரிசலில் எம்-சீல். மேலே கறுப்பு எனாமல். செய்தவரைக் குறை சொல்லவில்லை, கையில் இருந்ததை வைத்துச் சமாளித்திருக்கிறார். எனாமல் சுரண்டினால் வந்துவிடும். மரை போனால்தான் கஷ்டம்.

"பழைய சாமான் கடையில் இதே மாதிரி இன்னொன்று கிடைத்தால் அதிலிருந்து கழற்றிப் போடலாமே" என்று பலர் கேட்கிறார்கள். போட முடியாது. பூட்டு என்பது குதிரையை இயக்கும் பொறி. இந்தப் பூட்டுகளை ஆள் உட்கார்ந்து அரத்தால் ராவிப் பொருத்தியிருக்கிறான். ஒரே பட்டறையில் ஒரே வாரம் செய்த இரண்டு துப்பாக்கிகளின் திருகாணிகூட மாறிப் பொருந்தாது. ஒரே துப்பாக்கிக்குள்ளேயே எது எந்தத் துளைக்கு என்று கொண்டையில் சின்ன வெட்டு போட்டு வைப்பது உண்டு. இதன் மற்றத் திருகாணிகளிலும் இருக்கிறது: ஒன்றில் ஒரு கீறல், இன்னொன்றில் இரண்டு. எல்லாத் திருகாணிக்கும் பொதுவான மரை அளவை இங்கிலாந்தில் விட்வொர்த் என்ற பொறியாளர் முன்வைத்ததே 1841இல்தான். எந்தப் பாகத்தையும் எந்தத் துப்பாக்கியிலும் மாட்டலாம் என்ற நிலை, 1850களின் பின்பாதியில் அங்குள்ள என்ஃபீல்டு அரசுத் துப்பாக்கி ஆலை இயந்திரங்களுக்கு மாறிய பிறகு வந்தது.

வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் வரவழைக்கலாம் என்று சொந்தக்காரரே ஆசைப்பட்டார். சட்டத்தில் ஆயுதம் என்றால் அதன் பாகமும் அடக்கம், இறக்குமதிக்கு உரிமம் வேண்டும். ராஜாஜி சாலை சுங்க இல்லம் எங்கள் கடையிலிருந்து நடக்கிற தூரம்தான். அதற்காகப் பார்சலை விட்டுவிடுவார்களா?

கடைசியில் காசிமேட்டில் விசைப்படகு இன்ஜினுக்கு வேலை பார்க்கும் லேத் பட்டறைதான் கைகொடுத்தது. அங்கே மரை வெட்டும் பெரியவருக்கு அளவு சொல்ல வேண்டியதில்லை. மிச்சமிருந்த திருகாணியை நகத்தால் தடவிப் பார்த்தார், தகட்டில் இரண்டு சுற்று ஏற்றிப் பார்த்தார், "இது எந்தக் கணக்கிலும் சேராதுப்பா" என்றார். மூன்று கம்பி வீணானது. நான்காவது, கையால் திருக எந்தத் தடங்கலும் இல்லாமல் போய் உட்கார்ந்தது. புதிய திருகாணியின் உள்முனையில் இந்த வருடத்தைப் பொடி எழுத்தில் குத்தியிருக்கிறோம், நாளைக்கு யாரும் இதைக் கம்பெனி காலத்துத் திருகாணி என்று ஏமாறக் கூடாது. மின்விசிறித் திருகாணியையும் ஒரு சின்னக் கவரில் போட்டுக் கூடவே தருவோம்.

இன்னும் பாக்கி, குழலுக்கு அடியில், மருந்தை உள்ளே தள்ளிக் கெட்டிக்கும் கம்பியைப் பிடிக்கும் கீல். ஒரு பக்கம் ஒடிந்திருக்கிறது. பற்றவைத்தால் பத்து நிமிட வேலை, ஆனால் சூட்டில் பக்கத்து இரும்பின் நிறமே மாறிவிடும். அதனால் ஒடிந்த துண்டை மட்டும் தனியாகச் செய்து ரிவெட் அடிக்கப் போகிறோம். இன்னும் மூன்று வாரமாவது ஆகும்.

பளபளப்பு பற்றியும் கேட்கிறீர்கள். ஆக்க மாட்டோம். குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்ப்பதும், குழலை உப்புத்தாளால் உரசுவதும் இதற்கு ஆகாது. சிங்கமும் எழுத்தும் முடிக்கனம்தான் பதிந்திருக்கின்றன, இரண்டு தேய்ப்பில் காணாமல் போகும். எண்ணெய் தொட்ட மெல்லிய ஸ்டீல் உல்லால் செந்துருவை மட்டும் எடுத்து, மெழுகு பூசுவதோடு நிறுத்திக்கொள்வோம். பழுப்பு நிறம் அப்படியே இருக்கும். மெழுகு நம் பக்கத்துக் கடற்காற்றுக்கு அவசியம், இங்கே கதவுத் தாழ்ப்பாளே இரண்டு வருடத்தில் இறுகிப்போகிறது. இதுபோன்ற சாமான் வீட்டில் இருப்பவர்கள் தோலுறையில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்பைத் தின்னவிடும். வெறும் கையால் தொட்டால் பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள்.

போட்டோ அனுப்பும்போது முழுப் பொருளுக்கு ஒன்று, முத்திரைக்கு ஒன்று, உடைந்த இடத்துக்கு ஒன்று, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள். காட்டுவதற்காகக் குதிரையை இழுத்துப் பிடிக்க வேண்டாம். ஞாயிறு கடை விடுமுறை, வாட்ஸ்அப்பும் விடுமுறை.

இப்படிக்கு,
உங்கள் மண்ணடிக் கடைக்காரர்