மைக்கேல் தாமஸை வைத்துக்கொண்டது தவறா?

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம். பெரியவனும் இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்கு என்னோடு உட்கார்ந்துவிடுகிறான். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி மைக்கேல் தாமஸை 2021இலேயே அனுப்பியிருக்க வேண்டும், அடிபட்ட ரிசீவருக்காக (வீசும் பந்தை ஓடிப் பிடிக்கும் ஆட்டக்காரருக்காக) காத்திருந்தே ஆண்டுகளை வீணாக்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். உன் எரிச்சல் புரிகிறது. உன் தீர்ப்பைத்தான் ஏற்க முடியவில்லை.

2019 பருவத்தில் மட்டும் அவர் பிடித்த பந்துகள் 149. பெரிய ஒப்பந்தம் கையெழுத்தான பிறகும் சோர்ந்துவிடாமல், மார்வின் ஹாரிசன் 2002இல் படைத்த 143 என்ற சாதனையைக் கடந்தவர் அவர். அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே கணுக்காலில் அடிபட்டது. அறுவை சிகிச்சையோ 2021 ஜூனில்தான் நடந்தது. அது முன்பே நடந்திருக்க வேண்டும் என்று பயிற்சியாளர் ஷான் பேட்டனே வெளிப்படையாகக் குறைப்பட்டுக்கொண்டார். அந்தப் பருவத்தில் தாமஸ் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

அப்போதே ஏன் விடவில்லை என்கிறாய். அந்த அணி ஆடும் என்எஃப்எல் லீக்கில் ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு என்பது உனக்குத் தெரியும். ஓர் ஆண்டுச் சம்பளத்தை முன்பணமாக மாற்றினால், பணம் உடனே ஆட்டக்காரர் கைக்குப் போய்விடும். கணக்கில் மட்டும் அதை ஐந்து ஆண்டுகள் வரை பிரித்து எழுதலாம். இடையில் அவரை விடுவித்தால், எழுதாமல் மிச்சம் வைத்த தொகை விரைந்து கணக்கில் ஏறிவிடும். பெருந்தொற்றால் அந்த உச்சவரம்பு 2020இன் 198.2 மில்லியன் டாலரிலிருந்து 2021இல் 182.5 மில்லியனாகச் சரிந்தபோது, தாமஸுடையது உட்படப் பல ஒப்பந்தங்களை நிர்வாகம் இவ்வாறு மாற்றித்தான் சமாளித்தது. ஆகவே அவரை அனுப்பியிருந்தாலும் அவருக்கான செலவு அணியை விட்டுப் போயிருக்காது. நீ கோபப்பட வேண்டியது இந்தக் கடன் பழக்கத்தின் மீதுதான். காயம்பட்ட கணுக்கால் மீது அல்ல.

2022இன் முதல் ஆட்டத்தை மறந்துவிட்டாயா? அட்லாண்டாவில் 26-10 எனப் பின்தங்கியிருந்த அணி, கடைசிக் கால்பகுதியில் தாமஸ் அடித்த இரண்டு டச்டவுன்களின் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்துப் புள்ளி எடுப்பது) துணையோடு 27-26 என வென்றது. மூன்றாவது ஆட்டத்தில் கால்விரல் காயம் குறுக்கிட்டது உண்மை. ஆனால் அப்படிப்பட்ட கைகளை அவசரப்பட்டு விட்டுவிட எனக்கு மனம் வராது. 2023இல் ஓராண்டு ஒப்பந்தத்தில், பழைய தொகையை விட மிகக் குறைவாக அவரை வைத்துக்கொண்டதும் எனக்கு நியாயமாகவே படுகிறது. பத்து ஆட்டங்களில் பந்தைப் பிடித்து முன்னேறிய தூரம் 448 கெஜம் என்பது பெருமைப்படும் கணக்கல்ல; நவம்பரில் முழங்காலும் போயிற்று. 2024 மார்ச்சில் விடுவித்தார்கள், அதிலும் எனக்கு வருத்தமில்லை.

ஒன்றை மட்டும் யோசித்துப் பதில் எழுது. தாமஸ் இல்லாத 2021இல் அந்த அணியில் அதிக கெஜம் எடுத்த ரிசீவர் மார்க்கெஸ் காலவே. அவர் எடுத்தது 698. அவரை மட்டும் நம்பி அடுத்த ஆண்டையும் தொடங்கியிருக்கச் சொல்கிறாயா?

அன்புடன்,
உன் பழைய நண்பன்