படிக்கட்டை அளந்து எழுதுங்கள்

உ
சிவமயம்

ஈஸ்ட்போர்ன், இங்கிலாந்து,
ஞாயிறு மாலை

அன்புள்ள ஆத்தாவுக்கும் அப்பச்சிக்கும்,

நலம். மாத்தூர் ஆச்சி மகன் கையில் நீங்கள் கொடுத்துவிட்ட கடிதமும் மாவுருண்டை டப்பாவும் வந்து இன்றோடு பத்தொன்பது நாள். நாட்களை மட்டும் எண்ணிக்கொண்டு பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். போனில்தான் பேசுகிறோமே என்று ஒரு சாக்கு. ஆனால் போனில் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்பதற்கு மேல் உங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. அப்பச்சி வளவு முற்றத்தில் மழைத் தண்ணீரில் வழுக்கி விழுந்ததே காலண்டர் தாளின் பின்பக்கம் நீங்கள் பென்சிலில் எழுதியிருந்ததைப் படித்துத்தான் எனக்குத் தெரியும். விழுந்தது ஐப்பசியில், எனக்குத் தெரிந்தது மார்கழியில். கோபமாகத்தான் இருந்தது. அப்புறம் நானும் இங்கிருந்து எல்லாவற்றையுமா எழுதிவிடுகிறேன் என்று நினைத்து அடங்கிவிட்டேன்.

குளிர் கேட்டிருந்தீர்கள். நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. கடல் காற்று கதவிடுக்கு வழியாக விசிலடித்துக்கொண்டு வரும். மற்றபடி கஷ்டம் ஒன்றும் இல்லை. கரண்ட் மீட்டரில் முன்கூட்டியே காசு போடுகிற ஏற்பாடு. அதனால் அறைக்குள் கோட்டோடு இருப்பது எனக்குப் பழகிவிட்டது. வேலைக்கு நடந்தே போய்வருகிறேன், நாற்பது நிமிடம், உடம்புக்கு நல்லது. பிள்ளையார் நோன்புக்கு லண்டனில் நம்மவர்கள் கூடி நோன்பு இழை எடுத்துக்கொண்டார்களாம். எனக்கு அன்று இரவு வேலை, போகவில்லை.

சரி, நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கோட்டையூர் அம்மான் சொன்னாராமே, அங்கே வயசானவர்கள் எல்லாரும் பாட்டரி வண்டியில் போகிறார்கள், அப்பச்சிக்கு ஒன்று வாங்கி அனுப்பச் சொல் என்று. அம்மான் சொன்னது உண்மைதான். இந்த ஊர் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம் நின்றால் பத்து வண்டியாவது போகும். மொபிலிட்டி ஸ்கூட்டர் என்று பெயர். பூனைக்கு ஸ்வெட்டர் பின்னிப் போடுகிற கீழ்வீட்டு அம்மாள் என்று போனில் சொன்னேனே, அவரிடமும் ஒன்று இருக்கிறது. வயது 82. வண்டிக்கு நீலக் கலர், முன்னால் ஒரு கூடை, கூடைக்குள் பூனை. சட்டத்தில் இந்த மாதிரி வண்டிக்கு இன்னமும் 'இன்வாலிட் கேரியேஜ்', அதாவது நோயாளி வண்டி என்றுதான் பெயராம். கேரியேஜ் என்பதை ஒத்துக்கொள்கிறேன், முன்னால் இருக்கிற வார்த்தையை எவன் வைத்தான் என்று அந்த அம்மாள் யாரைப் பார்த்தாலும் கேட்பார்.

ஹேண்டிலுக்கு நடுவில் ஒரு திருகு. ஒரு பக்கம் ஆமைப் படம், மறு பக்கம் முயல் படம். முதல் தடவை பார்த்தபோது சின்னப் பிள்ளைகள் சாமான் என்றுதான் நினைத்தேன். வேகத்துக்கான திருகு அதுதான். லீவரைப் பிடித்தால் ஓடும்; விட்டால் தானாக பிரேக் விழுந்து நின்றுவிடும். காலுக்கு வேலையே இல்லை.

வண்டியில் இரண்டு தினுசு. ஒன்று நடைபாதைக்கு மட்டும், மணிக்கு 4 மைல்தான் போகும், நம் கணக்கில் 6 கிலோமீட்டர் சொச்சம். மற்றது ரோட்டிலும் போகலாம், 8 மைல் வரை. அதை 14 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஓட்டக்கூடாது. லைட், இண்டிகேட்டர், ஹார்ன், கண்ணாடி எல்லாம் வேண்டும், அரசாங்கத்தில் பதியவும் வேண்டும். ஆனால் வரி கிடையாது, லைசென்ஸும் கேட்பதில்லை. இன்சூரன்ஸ் கட்டாயம் இல்லை, எடுத்துக்கொள்வது நல்லது என்கிறார்கள். கீழ்வீட்டு அம்மாளுடையது இந்த 8 மைல் வண்டி. கணக்குப் போட்டுப் பார்த்தேன், நம் வீட்டிலிருந்து பிள்ளையார்பட்டிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். அப்பச்சியிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள், லாரிக்கு நடுவில் கிளம்பிவிடுவார்.

அந்த வண்டியும் நடைபாதையில் ஏறிவிட்டால் 4 மைலுக்கு மேல் போகக்கூடாது. அதற்கென்று தனி ஸ்விட்ச். நடைபாதையில் நடக்கிறவனுக்குத்தான் முதல் உரிமை, வண்டிக்கு அப்புறம்தான். இந்த அம்மாள் ஸ்விட்சைப் போடுகிற அழகைப் பார்க்க வேண்டும். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி யோசிக்காமல் கை போகும். முன்னால் பேசிக்கொண்டே போகிறவர்கள் திரும்பிப் பார்க்காவிட்டாலும் ஹார்ன் அடிக்க மாட்டார். பின்னாலேயே ஆமை வேகத்தில் வந்து, "கொஞ்சம் வழி விடுகிறீர்களா" என்பார். வெள்ளைக் கோலோடு ஒருவர் வந்தால் ஓரமாக ஒதுங்கி நிறுத்தி, நான் இன்ன இடத்தில் நிற்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்வார். வண்டியில் சத்தமே வராதே, அவருக்கு எப்படித் தெரியும்? ஹேண்டிலில் பை மாட்டவும் விட மாட்டார், திருப்பும்போது இழுக்குமாம்.

ஒரு விஷயம் மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். போன மாதம் வண்டி பாட்டரி சரியில்லை என்று ரிப்பேர் கடைக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். கால் நன்றாக இருப்பவன் இதை ஓட்டக்கூடாது. ரிப்பேருக்குக் கொண்டுபோவது, ஓட்டிக் காட்டுவது, பழக்கிக் கொடுப்பது இதற்கெல்லாம் மட்டும் சட்டம் இடம் கொடுக்கிறது. தெருமுனையில் நடைபாதையைச் சரித்து இறக்கியிருப்பார்கள், அங்கேதான் ஏறி இறங்க வேண்டும், அதுவும் நேருக்கு நேராக. நான் பத்தடி முன்னாலேயே அவசரப்பட்டுக் குறுக்கே இறக்கினேன். ஒரு பின்சக்கரம் அந்தரத்தில். வண்டி சாய்ந்து, என் ஒரு கால் தரையில் ஊன்றித்தான் தப்பித்தேன். அந்த அம்மாள் ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். திரும்பி வந்ததும் முட்டைகோஸ் சூப் கொடுத்து அரை மணி நேரம் திட்டினார். ஆத்தா, யாராவது இப்படி உட்காரவைத்துத் திட்டி ரொம்ப நாள் ஆயிற்று. சூப்பில் உப்பே இல்லை. இரண்டு கிண்ணம் குடித்தேன்.

மாடிக்கு வந்து மாவுருண்டை டப்பாவைத் திறந்தேன். நெய் வாசனையோடு நம் அடுப்படி முழுக்க வந்துவிட்டது. தின்னாமல் மூடி வைத்தேன். சின்ன வயதில் ஐயா பர்மா கதை சொல்வார் இல்லையா, வியாபாரம் பார்க்கக் கொண்டுவிக்கப் போன இடத்தில் மழை பெய்தால் நம் வளவில் கிடாரத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் காதில் கேட்கும் என்று. கிழவர் அளக்கிறார் என்று அப்போது சிரித்தோம்.

அந்த அம்மாளோடு மருந்துக் கடைக்குப் போனபோது ஒன்று நடந்தது. கவுண்டரில் இருந்த பையன் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, "இவங்களுக்கு என்ன வேணும்?" என்றான். அவர் சீட்டை அவன் முன்னால் வைத்து, "எனக்குக் காது கேட்கும், என்னிடமே சொல்லு தம்பி" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். பையன் முகம் சிவந்துவிட்டது. எனக்கு அப்பச்சி ஞாபகம் வந்தது. டாக்டரிடம் போனாலும், பாங்கிக்குப் போனாலும், கூட வந்த உங்களையோ அம்மானையோதானே கேட்கிறார்கள்? இந்த வண்டி விஷயமும் அப்படித்தான் நடக்கிறது. நீங்கள் பேசிவிட்டீர்கள், அம்மான் பேசிவிட்டார், நான் நாலு பக்கம் எழுதிவிட்டேன். "அப்பச்சிக்குத் தெரிய வேண்டாம்" என்று நீங்கள் எழுதியிருப்பது சரியில்லை ஆத்தா. அதனால்தான் கடிதத்தை இரண்டு பேர் பெயரிலும் எழுதுகிறேன். அப்பச்சி, இதைப் படித்துவிட்டு உங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள். கைத்தடியையே பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறவர் என்பது தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

வேண்டும் என்றால் முதலில் கண். 12.3 மீட்டர் தள்ளி நிற்கிற காரின் நம்பரைப் படிக்க முடிய வேண்டும் என்று இங்கே சொல்கிறார்கள். சட்டம் இல்லை, ஆலோசனைதான். 40 அடி. நம் திண்ணையில் உட்கார்ந்து எதிர்வீட்டு வண்டி நம்பரைப் படித்துப் பாருங்கள். இடது கண் ஆபரேஷனை மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டது போதும். விலையைப் பற்றி இப்போது யாரும் பேச வேண்டாம். சித்திரைக்குள் பார்க்கலாம். இந்த மாதப் பணம் மட்டும் கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும். சம்பளத் தேதியை மாற்றியிருக்கிறார்கள்.

அடுத்து படி. நம் தெருவில் நடைபாதை ஏது, சாக்கடை மேல் போட்ட கல்தான். அது கிடக்கட்டும், கொப்புடையம்மன் கோயில் வரை காலையில் கூட்டமில்லாத நேரத்தில் ஓரமாகப் போய்வரலாம். ஆனால் வண்டி வீட்டுக்குள் எப்படி ஏறும்? சாய்தளம் கட்டினால் 1 அங்குலம் ஏற 12 அங்குலம் நீளம் வேண்டும் என்பது கணக்கு. முகப்பில் ஐந்து படி, படிக்கு 7 அங்குலம் என்றால் 35 அங்குலம், ஆக 35 அடி. எதிர்வீட்டுத் திண்ணையில் போய் முடியும். பின்கட்டு வாசலில் இரண்டே படிதான் என்று ஞாபகம். 14 அடியில் முடிந்துவிடும், பின்தெருவும் அகலம். ஆனால் அந்தக் கட்டு பெரியப்பச்சி பாகத்தில் வருகிறது. பங்காளிகளிடம் கேட்காமல் ஒரு செங்கல் வைத்தாலும் முன்னோர் படைப்பு அன்றைக்குப் பேச்சு வரும். பள்ளத்தூர் ஆச்சி வந்து சொன்னால் பெரியப்பச்சி கேட்பார். அவர்கள் மேலக்கட்டு ஓடு மாற்றுகிற செலவை நம் தலையில் வைக்கப் பார்த்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள், குடும்பத்துக்கு இவ்வளவு என்கிற புள்ளிக் கணக்குப்படிதான் என்று சொல்லுங்கள். வளவுத் தூணை விலைக்குக் கேட்டு யாரோ வந்ததாக எழுதியிருந்தீர்கள். அந்தப் பேச்சே வேண்டாம்.

படைப்புக்கு நான் வர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். லீவு கேட்டிருக்கிறேன்.

கொத்தனார் வந்தால் பின்வாசல் படி எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை அங்குல உயரம், வாசல் நிலையின் அகலம் எவ்வளவு என்று மூன்றையும் எழுதி அனுப்புங்கள். நிலை அகலம் முக்கியம், ரோட்டு வண்டி 85 சென்டிமீட்டர் வரைகூட அகலம் இருக்கும். அப்பச்சியை டேப் பிடிக்கச் சொல்லாதீர்கள், குனிந்தால் எழ மாட்டார்.

அன்பு மகன்,
சின்னவன்

பி.கு.: மாவுருண்டையில் பாதியைக் கீழ்வீட்டு அம்மாளுக்குக் கொடுத்தேன். பல்செட்டில் ஒட்டுகிறது என்று சொல்லிக்கொண்டே நாலு தின்றார். டப்பா காலி. மாத்தூர் ஆச்சி மகன் மாசியில் ஊருக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.