தனியார் தரிப்பிடக் கட்டணக் கடிதங்களைக் கிழித்துப் போடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் சென்ற இதழில், கடைத்தொகுதி ஒன்றின் வாகனத் தரிப்பிடத்தில் தமக்கு விதிக்கப்பட்ட கட்டணத்தைப் பற்றி எழுதியிருந்த வாசகர், இவை அரசாங்கத் தண்டங்கள் அல்ல, தனியார் கம்பனிகளின் மிரட்டல்கள், பதில் போடாமல் கிழித்துக் குப்பையில் எறிந்தால் தாமாகவே ஓய்ந்துவிடுவார்கள் என்று மற்றவர்களுக்கும் யோசனை கூறி முடித்திருந்தார். அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் அவர் காட்டிய வழி இங்கிலாந்திலும் வேல்சிலும் 2012 ஒக்ரோபருக்கு முன்னர் பலித்த வழி. இன்று அதைப் பின்பற்றுகிறவர் வெல்லக்கூடிய வழக்கையும் தோற்பார் என்பதால் இந்த மறுப்பை எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் அது பலித்ததற்குக் காரணம் உண்டு. தனியார் காணியில் வாகனத்தை நிறுத்துபவர், அங்கு நாட்டப்பட்டிருக்கும் அறிவித்தல் பலகையின் நிபந்தனைகளுக்கு உடன்பட்டு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கிறார் என்பதே பெரும்பாலும் இந்தக் கம்பனிகள் காட்டும் சட்ட அடிப்படை. அந்த ஒப்பந்தம் வாகனத்தை ஓட்டிவந்தவரோடு செய்துகொண்டது. சுவான்சியில் உள்ள வாகனப் பதிவு நிறுவனமான டி.வி.எல்.ஏ.யிடம் 2.50 பவுண்ட்ஸ் கட்டிக் கம்பனி பெற்றுக்கொள்வதோ லொக்புக் எனப்படும் வாகனப் பதிவுப் புத்தகத்தில் கீப்பர் (வாகனத்துக்குப் பொறுப்பானவர்) என்று பதிவாகியிருப்பவரின் பெயரும் முகவரியும் மட்டுமே. ஓட்டியவர் யாரென்று கீப்பர் வாய் திறக்காவிட்டால் விஷயம் பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். 2012 ஆம் ஆண்டின் சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம், தனியார் காணிகளில் சக்கரத்துக்குப் பூட்டுப் போடும் அட்டகாசத்தைத் தடை செய்த அதே கையோடு, தன் நான்காம் அட்டவணையின் மூலம், ஓட்டியவர் யாரென்று தெரியாதபோது கட்டணத்தைக் கீப்பரிடமே கேட்கும் உரிமையைக் கம்பனிகளுக்குக் கொடுத்தது.

அந்த உரிமை நிபந்தனையோடு வந்தது என்பதுதான் நம்மவர்கள் அறியாத பகுதி. கமராவை மட்டும் வைத்துக் கட்டணம் விதிக்கும் இடங்களில், வாகனம் நின்ற நாளுக்கு அடுத்த நாள் தொடங்கி 14 நாட்களுக்குள் கடிதம் கீப்பரிடம் சேர்ந்திருக்க வேண்டும். தபாலில் இட்ட பின் வரும் இரண்டாவது வேலை நாளில் சேர்ந்ததாகச் சட்டம் கொள்ளும். கண்ணாடியில் துண்டு வைத்துவிட்டுப் போயிருந்தால், கீப்பருக்கான கடிதம் 28 நாட்கள் கழிந்த பின்னரும் 56 நாட்கள் முடிவதற்குள்ளும் வர வேண்டும். கடிதத்தில் என்னென்ன எழுதப்பட வேண்டும் என்பதையும் அட்டவணை வரையறுக்கிறது. தனி உபவிதிகளுக்கு உட்பட்ட விமான நிலைய, ரயில் நிலையக் காணிகளுக்குப் பொதுவாக இந்த அட்டவணையே பொருந்தாது. நிபந்தனைகள் பிசகினால் பொறுப்பு கீப்பர் மீது ஏறாது. கம்பனி ஓட்டியவரைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

இப்படியொரு கேடயம் இருக்க, அவசரத்தில் எழுதும் முதல் முறையீட்டிலேயே “நான் காரை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடத்தில் வந்துவிட்டேன்” என்று எழுதி, ஓட்டியவர் தாமே என்று ஒப்புக்கொண்டு, அதைக் கீழே போட்டுவிடுகிறவர்களே அதிகம். “வாகனம் நிறுத்தப்பட்டது” என்று எழுதுவதில் பொய் எதுவும் இல்லை. தனியார் கம்பனிக்கு ஓட்டியவரின் பெயரைச் சொல்லும் கடமை கீப்பருக்குச் சட்டத்தில் கிடையாது. வேக எல்லையை மீறியதாகப் பொலிஸ் கேட்கும்போது பெயரைச் சொல்லாமல் விடுவது குற்றம். அது வேறு சட்டம். கவுன்சில் அனுப்பும் தண்டமும் வேறு. கவுன்சிலின் தண்டத்துக்கும் கம்பனியின் கட்டணத்துக்கும் பிசிஎன் என்ற ஒரே சுருக்கப் பெயர் வழங்குவதால், கடிதத்தை விதித்தவர் கவுன்சிலா கம்பனியா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சென்ற இதழின் வாசகர், கம்பனிக்கு ஒரு சதமும் நட்டம் இல்லாதபோது நூறு பவுண்ட்ஸ் கேட்பது செல்லாது என்றும் வாதிட்டிருந்தார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைப் பெருமளவு சாத்திவிட்டது. செல்ம்ஸ்ஃபோர்ட் நகரில், இரண்டு மணி நேரம் இலவசமாக நிறுத்தக்கூடிய கடைத்தொகுதியில் 56 நிமிடங்கள் கூடுதலாக நிறுத்தியதற்கு விதிக்கப்பட்ட 85 பவுண்ட்ஸை எதிர்த்து, மீனும் சிப்ஸும் விற்கும் கடைக்காரரான பரி பீவிஸ் கடைசி வரை போராடினார். ஏழு நீதிபதிகளில் ஆறு பேர், கடைகளுக்கு வருவோருக்கு இடம் கிடைக்கச் செய்வது நியாயமான நோக்கம், தொகை அதற்கு மிஞ்சியதல்ல, பலகைகள் பெரிதாகவும் தெளிவாகவும் இருந்தன என்று சொல்லி அவரது மேன்முறையீட்டைத் தள்ளினார்கள். அந்தத் தீர்ப்பிலேயே நமக்கும் ஒரு பிடி இருக்கிறது. பலகை கண்ணில் படாத இடத்தில், அல்லது தொகையைப் பொடி எழுத்தில் ஒளித்து வைத்திருக்கும் இடத்தில், பீவிஸ் வழக்கைக் கம்பனி அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது. பலகைகளைப் படம் எடுப்பவர் அதே நேரத்தில், அதே வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். மார்கழி மாதத்து மாலை ஐந்து மணிக்கு விளக்கில்லாத மூலையில் நின்ற பலகையை நண்பகலில் படம் எடுத்து அனுப்புவதால் பயன் இல்லை.

பதில் போடாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடன் வசூலிப்பவர்களின் சிவப்பு எழுத்துக் கடிதங்கள் முதலில் வரும். அவர்களுக்குப் பெய்லிஃபுக்கு உள்ள அதிகாரம் எதுவும் இல்லை. வீட்டுக்குள் வரவோ பொருளைத் தூக்கவோ முடியாது. இதுவரை அந்த வாசகர் சொன்னது சரி. ஆனால் சில கம்பனிகள் இவற்றை மூட்டையாகக் கட்டிக் கவுண்டி நீதிமன்றத்துக்கு அனுப்புகின்றன. 100 பவுண்ட்ஸோடு வசூல் செலவு என்று 70, நீதிமன்றக் கட்டணம் 35, சட்டத்தரணிக்கு 50 என்று சேர்ந்து 250ஐத் தாண்டிய படிவம் வந்துவிடும். அந்த 70ஐ எல்லா நீதிபதிகளும் ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை, ஆனால் எதிர்வாதமே பதிவாகாத வழக்கில் அதைப் பற்றிக் கேட்க ஆள் இருக்காது. படிவம் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் நாளிலிருந்து 14 நாட்களுக்குள், அல்லது கிடைத்தது என்று அறிவித்திருந்தால் 28 நாட்களுக்குள், எதிர்வாதம் போகாவிட்டால் சி.சி.ஜே. எனப்படும் நீதிமன்றக் கடன் தீர்ப்பு விழும். ஒரு மாதத்துக்குள் முழுவதையும் கட்டாவிட்டால் ஆறு வருடங்கள் பதிவேட்டில் கிடக்கும். வீட்டுக்கு மோட்கேஜ் எடுக்கப் போகும்போதுதான் பலருக்கு அது தெரியவருகிறது.

இதில் வாடகை வீடு மாறி மாறி இருக்கும் நம் இளைஞர்கள் படும் பாடு தனி. லொக்புக்கில் பழைய முகவரியை அப்படியே விட்டுவிடுவதால், நோட்டீசும் நீதிமன்றப் படிவமும் பழைய வீட்டுக் கதவடியில் விழுந்து, தீர்ப்பும் வந்துவிடுகிறது. பிறகு அதை நீக்கக் கேட்பதற்கே முந்நூறு பவுண்ட்ஸ் அளவில் கட்டணம் கட்ட வேண்டும்.

எங்கள் வீட்டுக்கே இப்படியொரு கடிதம் வந்தது. கார் என் மனைவியின் பெயரில் உள்ளது. ஒரு சனிக்கிழமை, மகளைத் தமிழ்ப் பாடசாலையில் இறக்கிய பின் கார் அருகிலுள்ள கடைத்தொகுதிக்குப் போய், சாமான்கள் வாங்கியதும் வெளியேறியது. பிற்பகலில் மகளை ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில், காலையில் மறந்துவிட்ட தேங்காய்ப்பாலுக்காக மீண்டும் அங்கே போனது. (ஓட்டியவர் யார் என்பதை இங்கும் நான் எழுதப்போவதில்லை.) வந்த கடிதத்தில் இரண்டு படங்கள் இருந்தன: காலை 10.08க்கு உள்ளே நுழையும் காரின் முன்பக்கம், பிற்பகல் 3.41க்கு வெளியேறும் பின்பக்கம். இடையில் ஐந்தரை மணி நேரம் கார் அங்கேயே நின்றதாகக் கணக்குப் பார்த்திருந்தார்கள்.

இலக்கத் தகட்டைப் படிக்கும் அந்தக் கமராக்கள் வாகனம் நின்றதைப் பார்ப்பதில்லை; வாசலைக் கடந்ததை மட்டுமே பதிகின்றன. முன்னால் ஒரு வான் மறைத்தோ, தகட்டில் சேறு பட்டோ நடுவிலிருந்த ஒரு வெளியேற்றமும் ஒரு நுழைவும் தவறிப்போனால், முதல் நுழைவையும் கடைசி வெளியேற்றத்தையும் ஒட்டிவைத்து ஒரே வருகையாக்கிவிடும். அத்துறைக்காரர்கள் இதற்கு டபிள் டிப் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பெயர் வைக்கும் அளவுக்குத் தெரிந்த பிழையை, கடிதம் அனுப்புவதற்கு முன் ஒரு மனிதர் உட்கார்ந்து சரிபார்க்காதது ஏன் என்பதே என் கேள்வி.

கீப்பர் என்ற முறையில் என் மனைவி முறையிட்டார். வெவ்வேறு நேரம் குறித்த இரண்டு பற்றுச்சீட்டுகள், பிள்ளையைக் கூட்டிச்செல்லும்போது பெற்றோர் கையொப்பமிடும் பாடசாலைப் பதிவேட்டின் பக்கம் ஆகியவற்றை இணைத்தோம். காலையில் மகளோடு பாடசாலைக்குள் போன வயலின் பெட்டி கம்பனியின் இரண்டாவது படத்தில் பின்கண்ணாடிக்குள் தெரிவதையும் சுட்டிக்காட்டினோம். நிராகரிப்புக் கடிதம் வந்தது. அதில் எங்கள் ஆதாரங்களில் ஒன்றைப் பற்றியும் ஒரு வரி இல்லை. அன்றைய நாளில் எங்கள் இலக்கத் தகட்டைப் பதிந்த எல்லாப் படங்களையும், தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒரு மாதத்துக்குள் தருமாறு கேட்டதோடு, பொப்லா என்ற முறையீட்டு அமைப்புக்கும் போனோம். கம்பனி அங்கே எதிர்வாதம் எதுவும் வைக்காமல் கட்டணத்தைக் கைவிட்டது. மன்னிப்பு என்ற சொல் மட்டும் கடைசி வரை வரவில்லை.

பொப்லா என்பது பி.பி.ஏ. என்ற தரிப்பிடக் கம்பனிச் சங்கத்தில் உறுப்பினராக உள்ள கம்பனிகளுக்கான முறையீட்டு அமைப்பு. ஐ.பி.சி. என்ற மற்றச் சங்கத்தில் உள்ளவற்றுக்கு ஐ.ஏ.எஸ். என்ற வேறொன்று இருக்கிறது. இவ்விரு சங்கங்களில் ஒன்றிலாவது இல்லாத கம்பனிக்கு டி.வி.எல்.ஏ. முகவரி கொடுக்காது. பொப்லாவுக்குப் போக வாகனக்காரர் ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. கம்பனி நிராகரித்த பின் 28 நாட்கள் அவகாசம் உண்டு. தீர்ப்பு கம்பனியைக் கட்டுப்படுத்தும், வாகனக்காரரைக் கட்டுப்படுத்தாது. முறையிட்டால் 14 நாட்களுக்குள் கட்டுவோருக்கான 40 வீதச் சலுகை போய்விடும் என்று பயந்து உடனே 60 பவுண்ட்ஸைக் கட்டிவிடுகிறவர்களும் நம்மிடையே உண்டு. சலுகைக் காலத்துக்குள் கம்பனியிடம் முறையிட்டு அது நிராகரிக்கப்பட்டால், வழமையாக அந்தச் சலுகையை மீண்டும் ஒருமுறை தருகிறார்கள். பொப்லாவுக்குப் போய்த் தோற்றால்தான் முழுத்தொகை. பணம் கட்டியும் இலக்கத் தகட்டின் ஓர் எழுத்தைப் பிழையாக அழுத்தியவர்களுக்குக் கட்டணத்தை நீக்க வேண்டும் என்று சங்கங்களின் நடத்தைக் கோவையே சொல்கிறது. நேரம் முடிந்த பின் குறைந்தது பத்து நிமிடச் சலுகை நேரமும் அதில் உண்டு.

சட்டமே போதுமானதாக இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அரசாங்கமே நடத்தைக் கோவை எழுத வேண்டும் என்று 2019இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2022 பெப்ரவரியில் வெளிவந்த அந்தக் கோவை, பெரும்பாலான இடங்களில் கட்டணத்தை 50 பவுண்ட்ஸாகக் குறைத்து, வசூல் செலவு சேர்ப்பதையும் தடுக்க இருந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போனதும் அதே ஆண்டு யூனில் அது மீளப் பெறப்பட்டது. 2024இல் சங்கங்கள் இரண்டும் சேர்ந்து, 100 பவுண்ட்ஸ் உச்சத்தை வைத்துக்கொண்டு தாங்களே ஒரு கோவையை எழுதிக்கொண்டன. திருடன் கையில் சாவி கொடுத்த கதைதான். அரசாங்கம் 2025 யூலையில் மறுபடியும் மக்களிடம் கருத்துக் கேட்டது. டெர்பி நகரில், சிக்னல் கிடைக்காமல் பணம் கட்ட ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்த பெண் ஒருவரிடம் 1,906 பவுண்ட்ஸ் கேட்ட செய்தி நாடெங்கும் பரவிய பிறகுதான், ஐந்து நிமிடத்துக்குள் பணம் கட்ட வேண்டும் என்ற விதியை 2025 பெப்ரவரியில் சங்கங்கள் மாற்றின. அந்தப் பெண் கடிதங்களைக் கிழித்துப் போட்டிருந்தால் அந்த விதி இன்றும் அப்படியே இருந்திருக்கும்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். நம் ஆலயங்களும் மண்டபங்களும், ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள் தங்கள் வளவில் காரை விட்டுச் செல்வதைத் தடுக்க இப்படிப்பட்ட கம்பனிகளை அமர்த்தக்கூடும். அப்படி அமர்த்தும் நிர்வாக சபையினர், எந்தக் கட்டணத்தையும் நீக்கும்படி கேட்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். அன்னதானம் முடிந்து வந்த முதியவருக்குப் பின்னேரம் கட்டணக் கடிதம் வந்தால், அவர் கம்பனியோடு மல்லுக்கட்ட முன் காணிச் சொந்தக்காரரிடம் போய்க் கேட்பதே நேர்வழி. கடைத்தொகுதிகளிலும் அப்படியே, அங்காடியின் முகாமையாளரிடம் பற்றுச்சீட்டைக் காட்டி நீக்கச் செய்தவர்கள் பலர்.

ஆகவே, சென்ற இதழின் அந்த யோசனை 2012க்கு முந்திய நிலைக்கு உரியது என்ற திருத்தக் குறிப்பொன்றை அடுத்த இதழில், அதே பக்கத்தில் வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதை எழுதிய அன்பருக்குக் கடிதம் வந்து இன்னும் 28 நாட்கள் ஆகவில்லை என்றால், குப்பையிலிருந்து அதை எடுத்துத் திகதிகளைப் பார்த்து, கீப்பரின் பெயரில் முறையீட்டை அனுப்பிவிடலாம். கடிதம் கிழிந்திருந்தாலும் அதிலுள்ள இலக்கம் வாசிக்கக்கூடியதாக இருந்தால் போதும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
ஹரோ, இலண்டன்