இல்லை என்றால் எழுதிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய மாற்றுத்திறனாளிகள் நல ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம்.

என் மகனுக்குப் பத்தொன்பது வயது. மூளை முடக்குவாதம். மருத்துவக் குழு கொடுத்த சான்றிதழில் 90 சதவீதம் என்று போட்டிருக்கிறது. சாய்த்து உட்கார வைத்தால் உட்காருவான், தலை நிற்காது. சோற்றைக் குழைத்து ஊட்ட வேண்டும். பேச்சு வராது. ஆனால் என் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே சிரிக்க ஆரம்பித்துவிடுவான் என்று என் அம்மா சொல்வார்.

அவனுக்குப் பராமரிப்பு உதவித்தொகை கேட்டு ஏழு மாதத்தில் ஒன்பது முறை எங்கள் மாவட்ட நல அலுவலகத்துக்குப் போய் வந்திருக்கிறேன். அந்த ஒன்பது முறையில் ஒருமுறைகூட நான் விண்ணப்பித்ததாக அந்த அலுவலகக் கணக்கில் இல்லை. எப்படி என்று சொல்லத்தான் இந்த மடல்.

மாவட்டத்தின் பெயரையும் அந்த மேசையில் இருப்பவரின் பெயரையும் எழுதவில்லை. அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டால் இந்த விஷயம் தீராது. அந்த நாற்காலிக்கு வரும் அடுத்தவரும் இதையே செய்யலாம், யாரும் கேட்க முடியாது.

இத்தனை வருடம் ஏன் கேட்கவில்லை என்று அவர் முதல் நாளே கேட்டார். அவன் அப்பா இருந்தவரை கேட்கத் தோன்றவில்லை. அவர் போன பிறகு நான் தையல் வேலையை வீட்டோடு குறைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, அவனைத் தனியாகத் தூக்க முடியாது. 2023 ஜனவரியில் இந்தத் தொகையை 1,500-லிருந்து 2,000 ஆக்கினார்கள். ஆந்திராவில் 2024 முதல் மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 6,000 ரூபாய் என்று மாற்றுத்திறனாளிகள் சங்கத்துக்காரர்கள் போராட்டங்களில் சொல்வது நியாயம்தான். ஆனால் நான் இப்போது தொகையைப் பற்றிப் பேச வரவில்லை. இரண்டாயிரம் என்பது எங்கள் வீட்டில் அவனுடைய மாத்திரையும் டயப்பரும். அதுவே வந்தால் போதும் என்றுதான் போனேன்.

முதல் தடவை அந்த மேசைக்காரர் ஜெராக்ஸில் சீல் தெளிவாக இல்லை என்றார். விண்ணப்பம் வைத்திருந்த கவரைக் கையில் வாங்கவே இல்லை. பேனா முனையால் ஒரு தாளை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு, அதே பேனாவால் என் பக்கம் தள்ளினார். அடுத்த தடவை ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கிறது, யுடிஐடி கார்டில், அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில், பின்னால் இருக்கிறது என்றார். அதைச் சரிசெய்ய மூன்று வாரம் ஆனது. அப்புறம் வேறு எந்த உதவித்தொகையும் வாங்கவில்லை என்று விஏஓ கையெழுத்து வேண்டும் என்றார். ஒருநாள் அவர் முகாமுக்குப் போயிருந்தார். பக்கத்து மேசையில் ஆள் இருந்தார்கள், ஆனால் "அவர் சீட்டு வேலையை நாங்க தொட முடியாதும்மா" என்றார்கள்.

போட்டோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முழு உருவம் தெரிகிற மாதிரி போட்டோ கேட்டார். என் மகனால் தனியாக நிற்கவும் முடியாது, பிடிக்காமல் உட்காரவும் முடியாது. ஸ்டூடியோக்காரர் வீட்டுக்கு வர மாட்டேன் என்றுவிட்டார். பக்கத்து வீட்டுப் பையன் போனில் எடுத்தான். சுவர் ஓரமாக நாற்காலி போட்டு, வெள்ளை வேட்டியைப் பின்னால் கட்டி, அந்த வேட்டிக்குப் பின்னால் நான் குனிந்து நின்று அவன் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். இருபது முப்பது எடுத்ததில் ஒன்றில்தான் அவன் முகம் நேராக இருந்தது. பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனேன். "ஏம்மா, தோள்ல ஒரு கை தெரியுதே, இது செல்லாது" என்றார்.

சார், அந்தக் கை இல்லாமல் அவன் விழுந்துவிடுவான் என்றேன். "அதுக்கு நான் என்ன பண்றது" என்றார்.

அந்தக் கைக்காகத்தானே இந்தத் தொகையே?

எட்டாவது தடவை பையனை நேரில் கூட்டி வரச் சொன்னார். போக வர ஆட்டோவுக்கு 450 ரூபாய். சாய்தளம் இருந்தது, அதில் நான்கு பைக் நின்றது. நானும் ஆட்டோக்காரத் தம்பியும் அவனை ஆளுக்கொரு பக்கம் பிடித்து படியில் தூக்கினோம். வாசலுக்கு வந்ததும் ஜன்னல் வழியாகப் பார்த்து, "சரி சரி, பார்த்துட்டேன், அங்கேயே இருக்கட்டும்" என்றார். வெளியே எழுந்து வரவில்லை. நான் கவரோடு உள்ளே போனபோது சொன்னது இதுதான்: "இப்போ ஃபண்ட் இல்லம்மா. புதுசா யாரையும் சேர்க்கல. அடுத்த வருஷம் பாருங்க."

நிதி இல்லை என்பதுதான் காரணம் என்றால் அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். போட்டோவும் இனிஷியலும் எதற்கு?

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். அங்கே உடனே எண் போட்டு சீட்டு கொடுத்தார்கள். அந்த மனு அனுப்பப்பட்டது இதே அலுவலகத்துக்கு, இதே மேசைக்கு. ஒன்பதாவது தடவை போனபோது, "கலெக்டர்ட்ட போய்ச் சொன்னீங்களாமே" என்பதுதான் முதல் பேச்சு. அப்புறம் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் என் மகனின் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டேன். முப்பது நாள் கெடு முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. "தங்களிடமிருந்து மேற்படி விண்ணப்பம் ஏதும் இவ்வலுவலகத்தில் பெறப்படவில்லை."

அந்த வரி பொய் இல்லை, ஆணையர் அவர்களே. அவர்கள் வாங்கவில்லை, அதனால் பெறப்படவில்லை. நிராகரித்திருந்தால் மேல்முறையீடு செய்திருப்பேன். என்னை யாரும் நிராகரிக்கவில்லை. "அப்புறம் வாங்க" என்ற வார்த்தையை எதிர்த்து எங்கே மேல்முறையீடு செய்வது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-ஐ ஒரு சங்கத் தோழர் உதவியோடு படித்தேன். 24-ஆவது பிரிவு சமூகப் பாதுகாப்பைச் சொல்கிறது. மற்றவர்களுக்கு இருக்கும் அதுபோன்ற திட்டங்களைவிட எங்களுக்கு 25 சதவீதமாவது கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது. அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்றும் அதே பிரிவில் இருக்கிறது. சரி, நிதிக்கு ஓர் அளவு இருக்கும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு விண்ணப்பத்தைக் கையில் வாங்கி, தேதி போட்டு, எண் கொடுக்க எந்த நிதியும் தேவையில்லை. நிதி இல்லாவிட்டால் வரிசையில் என் மகன் எத்தனையாவது ஆள் என்று சொல்லுங்கள். காத்திருக்கிறோம். வரிசையிலேயே சேர்க்காமல் காத்திருக்கச் சொன்னால் எப்படி? வாங்காத விண்ணப்பம் காத்திருப்போர் பட்டியலில் வராது. அப்படியானால் எங்கள் மாவட்டத்தில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று உங்களுக்கு வரும் கணக்கும் சரியாக இருக்காது.

நான் கேட்பது ஒரு துண்டுச் சீட்டு. யார் விண்ணப்பம் கொண்டுவந்தாலும் குறையோடு இருந்தாலும் வாங்கிக்கொண்டு ஒப்புகைச் சீட்டு கொடுக்க வேண்டும். குறை இருந்தால் எல்லாக் குறையையும் ஒரே தடவையில் அந்தச் சீட்டிலேயே எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். இல்லை என்றால் இல்லை என்று காரணத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் 2010-லேயே சேவை பெறும் உரிமைக்குச் சட்டம் போட்டு, கெடு தாண்டினால் அலுவலருக்கு அபராதம் என்று வைத்தார்கள். நான் அபராதம்கூடக் கேட்கவில்லை. உங்கள் சுற்றறிக்கை ஒன்று போதும். அப்படியே, தாங்கிப் பிடிக்கும் கை தெரிந்தால் போட்டோ செல்லும் என்று அதில் ஒரு வரி சேருங்கள்.

அந்த அலுவலகத்தில் வேலை அதிகம், ஆள் குறைவு. அதையும் என் கண்ணால் பார்த்தேன். உபகரணம், பஸ் பாஸ், வாழ்நாள் சான்று எல்லாம் இரண்டு மூன்று பேர் தலையில்தான். ஆனால் ஒரு சீட்டு எழுதியிருந்தால் நான் அங்கே ஒன்பது முறை போய் நின்றிருக்க மாட்டேன். அவர்களுக்கும் எட்டு நாள் என் தொல்லை மிச்சம்.

சட்டத்தின் 80-ஆவது பிரிவு, உரிமை மறுக்கப்படும் இடத்தில் யாரும் புகார் தராமலே விசாரிக்கும் அதிகாரத்தை மாநில ஆணையருக்குக் கொடுத்திருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்த மேசைக்கு எதிரே இருக்கும் பெஞ்சில், யாரிடமும் சொல்லாமல், வந்து உட்கார்ந்து பாருங்கள். கவரோடு வருகிறவர்களில் எத்தனை பேர் சீட்டோடு திரும்புகிறார்கள் என்று எண்ணுங்கள்.

அந்த அலுவலகத்திலேயே ஒரு பெண் ஊழியர் என் பின்னால் படி வரைக்கும் வந்து, "அக்கா, நேர்ல வராதீங்க, தபால்ல ஒப்புகை அட்டை வச்சு அனுப்புங்க" என்று மெதுவாகச் சொன்னார். அனுப்பினேன். போன வியாழக்கிழமை அட்டை திரும்பி வந்தது, அலுவலக முத்திரையோடு. உள்ளே அந்தப் பழைய போட்டோவைத்தான் வைத்திருக்கிறேன். வேறு எடுக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு தாய்