'வரலாற்றில் இன்று' எழுதுகிறவர்களுக்கு: இரண்டாவது தேதியையும் போடுங்கள்

நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் 'வரலாற்றில் இன்று' பகுதியைத் தொகுக்கும் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். நான் ஒரு பள்ளியில் வரலாற்று ஆசிரியர். உங்கள் பகுதியை நாள் தவறாமல் வாசிக்கிறேன். பள்ளிகளில் காலைக் கூட்டத்தில் மாணவர்கள் எடுத்து வாசிப்பதும் பெரும்பாலும் அதைத்தான். படிப்பை முடித்த பிறகு வரலாற்று நூல் ஒன்றைக்கூடத் தொடாத பெரியவர்கள் கண்ணிலும் வரலாறு படுகிற இடம் அது. அங்கே வருகிற இரண்டு வரியை நம்பித்தான் பலர் ஒரு நாட்டைப் பற்றி ஒரு முடிவுக்கு வருகிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஜூன் மாதத்து பிரிட்டன் செய்திகளை மட்டும் பேசுகிறேன். ஜூன் 7, 1832: சீர்திருத்தச் சட்டம். ஜூன் 15, 1215: மகா சாசனம் (மேக்னா கார்ட்டா, மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பிட்ட ஆவணம்). ஜூன் 18, 1815: வாட்டர்லூ. ஜூன் 22, 1948: விண்ட்ரஷ் கப்பல். நீங்கள் போடுகிற தேதிகள் சரியானவை, அதில் குறை இல்லை. ஆனால் சாசனம் தரப்பட்டது, சட்டம் நிறைவேறியது, கப்பல் வந்தது என்பதோடு பதிவு முடிந்துவிடுகிறது. கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று? அதற்கும் ஒரு தேதி இருக்கிறதே. அதைச் சேர்த்துப் போடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

ஜூன் 15ஐப் பாருங்கள். தேம்ஸ் கரையில் ரன்னிமீட் புல்வெளியில் இங்கிலாந்தின் ஜான் மன்னர் மகா சாசனத்துக்கு ஒப்புக்கொண்ட நாள். (அவர் கையெழுத்திட்டதாக எழுதுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அதில் இடப்பட்டது அவருடைய முத்திரை.) 'மக்களாட்சிக்கு வித்திட்ட நாள்' என்று ஒரு வரி சேர்ப்பீர்கள். ஆனால் அந்தச் சாசனம் முதலில் பிழைத்தது பத்து வாரம்தான். ஆகஸ்ட் 24, 1215 அன்று போப் மூன்றாம் இன்னசென்ட் அது செல்லாது என்று அறிவித்தார். அப்படி அறிவிக்கும்படி அவரிடம் கேட்டவரே ஜான்தான். உள்நாட்டுப் போர் மூண்டது. மறு ஆண்டு அக்டோபரில் ஜான் இறந்து, ஒன்பது வயதுப் பிள்ளை மூன்றாம் ஹென்றி பட்டத்துக்கு வந்த பிறகுதான் சாசனம் திரும்ப வெளியானது. 1225இல் திருத்திய வடிவம் வந்தது, 1297இல் சட்டத் தொகுப்பில் ஏறியது. நிலைத்து நின்றது அந்த வடிவம். இன்றைக்கும் அதில் சில பிரிவுகள் சட்டமாகவே இருக்கின்றன. ஒரே நாளில் மன்னர் பணிந்தார், உரிமை பிறந்தது என்று படிக்கிற பிள்ளைக்கு இது எதுவுமே தெரியாமல் போகிறது.

அந்தச் சாசனத்தின் புகழ்பெற்ற 39ஆம் பிரிவு, சட்டப்படியான தீர்ப்பு இல்லாமல் எந்தச் சுதந்திர மனிதரையும் சிறைப்பிடிக்கக் கூடாது என்கிறது. அன்றைய இங்கிலாந்தில் பெருந்தொகையான உழவர்கள் சுதந்திர மனிதர்களே அல்ல. நிலத்தோடு கட்டப்பட்ட பண்ணையடிமைகள். அவர்கள் தங்கள் விடுதலையைக் கேட்டு லண்டனுக்குள் வந்ததும் ஒரு ஜூன் மாதம்தான்.

1381இன் உழவர் கிளர்ச்சிதான் நான் சொல்வது. பிரான்சுடன் நடந்த போரின் செலவுக்காக, ஏழை பணக்காரர் பேதமில்லாமல் 15 வயதைத் தாண்டிய ஒவ்வொருவர் தலைக்கும் வரி போட்டார்கள். எசெக்ஸிலும் கென்ட்டிலும் மக்கள் பொங்கி எழுந்தார்கள். ஜூன் 14 அன்று மைல் எண்டில், 14 வயது மன்னர் இரண்டாம் ரிச்சர்ட் நேரில் வந்து அவர்கள் சொன்னதைக் கேட்டார். அடிமை முறை ஒழிய வேண்டும், ஏக்கருக்கு நான்கு பென்ஸுக்கு மேல் குத்தகை கூடாது என்றார்கள். சரி என்றார் மன்னர். எழுத்தர்களை உட்காரவைத்து விடுதலைச் சாசனங்களை எழுதச் சொன்னார். பலர் அதை வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். மறுநாள், அதாவது மகா சாசனத்தின் அதே ஜூன் 15 அன்று, ஸ்மித்ஃபீல்டில் பேச்சுவார்த்தைக்கு வந்த தலைவர் வாட் டைலரை மன்னரின் கண் முன்னாலேயே வெட்டிச் சாய்த்தார்கள். முதலில் வெட்டியவர் லண்டன் மேயர் வில்லியம் வால்வொர்த். ஜூலை 2 அன்று, கொடுத்த விடுதலைச் சாசனங்கள் அத்தனையும் ரத்து. பண்ணையடிமைகளாகவே இருப்பீர்கள் என்று மன்னர் சொன்னதாக அக்காலத்து வரலாற்றுக் குறிப்பு ஒன்று பதிந்துவைத்திருக்கிறது.

கிளர்ச்சிக்காரர்களும் கை சுத்தமானவர்கள் இல்லை. லண்டன் கோபுரக் கோட்டைக்குள் புகுந்து கேன்டர்பரி பேராயரைக் கொன்றார்கள். பிழைக்க வந்த ஃபிளெமிஷ் நெசவாளிகளைத் தெருவில் இழுத்துப்போட்டுக் கொன்றார்கள். அதையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் ஜூன் 15க்கு நேராக மகா சாசனத்தை மட்டும் போட்டு வாட் டைலரை விட்டுவிட்டால், அந்த நாளின் பாதியை மறைத்ததாகத்தான் அர்த்தம்.

ஜூன் 7ம் இப்படித்தான். 1832இல் அன்றுதான் சீர்திருத்தச் சட்டத்துக்கு மன்னர் ஒப்புதல் கிடைத்தது. மக்கள் மிகக் குறைந்த தொகுதிகளை ஒழித்து, புதிய தொழில் நகரங்களுக்கு இடம் கொடுத்த சட்டம். பெரிய விஷயம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் வாக்காளர் ஆணாக இருக்க வேண்டும் என்று நாடாளுமன்றச் சட்டம் வெளிப்படையாக எழுதிவைத்ததும் அப்போதுதான். பெண்கள் ஆண்களுக்குச் சமமான வாக்குரிமையைப் பெற்றது 1928 ஜூலை 2இல். நடுவே 96 ஆண்டுகள். அந்த இடைவெளியில்தான் 1913 ஜூன் 4 அன்று எப்சம் குதிரைப் பந்தயத்தில் பெண்கள் வாக்குரிமைப் போராளி எமிலி டேவிசன் மன்னரின் குதிரைக்குக் குறுக்கே போய் அடிபட்டு, நான்கு நாள் கழித்து இறந்தார்.

1968இல், மீண்டும் ஒரு ஜூன் 7 அன்று, டேகன்ஹாம் ஃபோர்டு ஆலையில் கார் இருக்கை உறை தைக்கும் 187 பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். திறன் தேவைப்படாத வேலை என்று தங்களைத் தரம் இறக்கியதுதான் அவர்களுடைய கோபம். அந்தத் தரத்திலும் ஆண்களின் கூலியில் 85 சதவீதம்தான் பெண்களுக்கு. உறை இல்லாமல் கார் உற்பத்தி நின்றது. அமைச்சர் பார்பரா காஸில் அழைத்துப் பேசினார். மூன்று வாரத்தில் 92 சதவீதக் கூலிக்குச் சம்மதித்து வேலைக்குத் திரும்பினார்கள். 'வெற்றி' என்று போடுவீர்கள். சம ஊதியச் சட்டம் 1970இல் வந்தது, முதலாளிகளுக்கு அவகாசம் கொடுத்து 1975 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பெண்கள் முதலில் கேட்ட தர உயர்வோ 1984இல், இன்னொரு வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் கிடைத்தது. 16 ஆண்டுக் காத்திருப்பை ஒரு வரி விழுங்கிவிடக் கூடாது.

விண்ட்ரஷ் பற்றி எழுதும்போது கைகள் நடுங்க வேண்டும் என்பேன். 1948 ஜூன் 22 அன்று டில்பரி துறைமுகத்தில் அந்தக் கப்பலில் கரீபியத் தீவுகளிலிருந்து வந்த நூற்றுக்கணக்கானோர் இறங்கினார்கள். பிரிட்டிஷ் குடிமக்களாக வந்தவர்கள் அவர்கள். அதே நாளில் தொழிற்கட்சி எம்.பி.க்கள் 11 பேர் இந்த வருகையைக் கட்டுப்படுத்தச் சொல்லிப் பிரதமர் அட்லிக்குக் கடிதம் எழுதினார்கள். பின்னாளில் அப்படி வந்து குடியேறியவர்கள் எப்போது வந்தார்கள் என்பதற்குச் சான்றான தரையிறங்கும் அட்டைகளை 2010இல் உள்துறை அமைச்சகம் அழித்தது. அடுத்த சில ஆண்டுகளில், பிரிட்டனில் வாழ உரிமை உண்டென்று ஆவணம் காட்டச் சொல்லி அதே மக்களை நெருக்கினார்கள். குழந்தையாக வந்து, உழைத்து, வரி கட்டி முதியவர்களானவர்கள் வேலையையும் மருத்துவத்தையும் இழந்தார்கள். குறைந்தது 83 பேரைத் தவறாக நாட்டைவிட்டே வெளியேற்றினார்கள். 2018 ஏப்ரலில் பிரதமர் தெரசா மே மன்னிப்புக் கேட்டார். இழப்பீடு கைக்கு வருவதற்குள் சிலர் இறந்துபோனார்கள். ஜூன் 22க்குப் பக்கத்தில் 2018ஐப் போடாமல் எப்படி நகர முடியும்?

2017 ஜூன் 14க்கு, லண்டன் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கட்டடத் தீயில் 72 பேர் இறந்த நாளுக்கு, இரண்டாவது தேதி பின்னால் இல்லை, முன்னால் இருக்கிறது. 2009 ஜூலை 3. லண்டனிலேயே லக்கனல் ஹவுஸ் என்ற குடியிருப்பில் தீப்பிடித்து ஆறு பேர் இறந்தார்கள். அதை விசாரித்த மரண விசாரணை அதிகாரி, கட்டடத் தீப் பாதுகாப்பு வழிகாட்டியைத் தெளிவாகத் திருத்தும்படி 2013இல் அரசுக்கு எழுதினார். கிரென்ஃபெல் எரிகிறவரை அது திருத்தப்படவில்லை.

எல்லாத் தேதிக்கும் இது வேண்டியதில்லை. வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றார், நார்மண்டியில் 1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் இறங்கின என்பதை அப்படியே விடலாம். ஆனால் வாக்குறுதி, சட்டம், உடன்பாடு, எச்சரிக்கை என்று வருகிற இடங்களில் இரண்டாவது தேதி கட்டாயம் வேண்டும்.

இடமில்லை என்பீர்கள். இதோ: "1381: உழவர்களுக்கு விடுதலைச் சாசனம் தருவதாக இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்ட் மைல் எண்டில் ஒப்புக்கொண்டார், ஜூலை 2 அன்று ரத்து செய்தார்." அவ்வளவுதான். இப்படி ஜூன் மாதம் முழுவதற்கும் எழுதி, தேதிகளைச் சரிபார்த்து அனுப்ப நான் தயார். அடுத்த ஜூன் மாதத்துக்கு இதைச் செய்து பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பகுதியை வகுப்பில் வாசிக்கும் ஓர் ஆசிரியர்