பேட்டரியைக் காட்டி விற்கப்படும் வாரண்டி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்சாரக் கார் வாங்கி மூன்றாண்டு நிறையும் வேளையில், ஷோரூமிலிருந்து ஓர் அழைப்பு வருகிறது. வாரண்டி முடியப்போகிறது, பணம் கட்டி மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு நீட்டித்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். எனக்கும் சென்ற மாதம் அந்த அழைப்பு வந்தது. "பேட்டரி போனால் பல லட்சம் ஆகும் சார், இப்போதே எடுத்துவிடுங்கள்" என்றார் பேசியவர். இந்தப் பேச்சை நம்பிப் பணம் கட்டுவோர் பலர் இருப்பார்கள் என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பேட்டரிக்குத் தனி வாரண்டி ஏற்கெனவே உண்டு. டாடா நெக்ஸான் மின்சாரக் கார் 2020 ஜனவரியில் விற்பனைக்கு வந்தபோதே அதன் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை வாரண்டி அளிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஹூண்டாய் கோனாவின் பேட்டரிக்கும் இதே அளவுதான். மஹிந்திராவின் பிஇ 6, எக்ஸ்இவி 9இ போன்ற புதிய வண்டிகளில் முதல் உரிமையாளருக்கு ஆயுள்கால பேட்டரி வாரண்டியே கிடைக்கிறது. ஆகவே மூன்றாண்டு முடிந்தவருக்குப் பேட்டரியைக் காட்டி அச்சமூட்டுவது முறையன்று.

அதற்காக நீட்டிப்பு வாரண்டியே வீண் என்று நான் சொல்லவில்லை. அச்சப்பட வேண்டிய பாகங்கள் வேறு. வீட்டு மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்றவாறு மாற்றித் தரும் ஆன்போர்டு சார்ஜர், பெரிய பேட்டரியிலிருந்து 12 வோல்ட் மின்சாரத்தைப் பிரித்துத் தரும் கன்வெர்ட்டர், மின்சாரத்தில் இயங்கும் ஏசி கம்ப்ரஸர், காரின் பெரும்பாலான கட்டுப்பாடுகளைத் தன்னுள் வைத்திருக்கும் நடுத்திரை ஆகியவை பெரும்பாலும் எட்டாண்டுக் கணக்கில் வருவதில்லை. வண்டியின் பொது வாரண்டியோடு முடிந்துவிடுகின்றன.

என் மைத்துனர் கோவையிலிருந்து திருப்பூருக்கு நாள்தோறும் போய்வர ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓட்டுகிறார். நான்காம் ஆண்டில் அவருடைய காரின் ஆன்போர்டு சார்ஜர் பழுதானது. வீட்டில் சார்ஜ் ஏறவில்லை. வேக சார்ஜர் அந்தப் பாகத்தின் வழியாகச் செல்லாமல் நேரே பேட்டரிக்கு மின்சாரம் கொடுப்பதால் அது மட்டும் வேலை செய்தது. பாகம் வந்து சேரும் வரை பல வாரங்கள் பொது நிலையங்களில் காத்துக் கிடந்தார். சர்வீஸ் சென்டர் கொடுத்த மதிப்பீடு ஒரு லட்சத்தைத் தாண்டியது, அத்தனையும் அவர் கையிலிருந்தே போயிற்று. அவரைப்போல் மாதம் 25 நாள் ஓடுபவருக்கு ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர் சேரும் என்பதால், 1,60,000 கிலோமீட்டர் என்ற பேட்டரி வரம்பே எட்டாண்டுக்கு மாறாக ஐந்தாண்டைச் சற்றுக் கடந்ததும் தீர்ந்துவிடும். கணக்குப் போட வேண்டியது ஆண்டை மட்டும் வைத்தல்ல, ஓடும் தூரத்தையும் வைத்துத்தான்.

வாரண்டியில் சேராதவற்றையும் அறிந்துகொள்வது நல்லது. எலி கடித்த வயர், வெள்ளத்தில் மூழ்கிய வண்டி, விபத்துச் சேதம் ஆகியவை காப்பீட்டின் பொறுப்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் நீரில் நின்ற கார்களின் உரிமையாளர்களுக்கு இந்த வேறுபாட்டின் விலை தெரிந்திருக்கும். வீட்டில் எர்த்திங் சரியில்லாமலோ மின்னழுத்தம் எகிறியோ பழுது ஏற்பட்டால், வெளிக்காரணம் என்று சொல்லிக் கோரிக்கையை மறுக்கவும் வழி இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் உரிய காலத்தில் சர்வீஸ் செய்யாவிட்டாலும் சிக்கல்தான். டயர், பிரேக் பேட் போன்ற தேய்மானப் பொருள்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

என் கருத்தில், அதிக தூரம் ஓட்டுபவரும், வண்டியை ஆறேழு ஆண்டு வைத்திருக்கப் போகிறவரும், திடீரென ஒரு லட்சம் செலவானால் குடும்பம் தடுமாறும் நிலையில் இருப்பவரும் கட்டாயம் எடுக்கலாம். ஊருக்குள் மட்டும் ஓட்டி, அடுத்த ஆண்டே விற்க நினைப்பவர், வாங்குபவரின் பெயருக்கு வாரண்டி மாறுமா என்று கேட்டுவிட்டே முடிவெடுக்க வேண்டும். எடுப்பதானால் கார் தயாரித்த நிறுவனத்திடமே, பொது வாரண்டி முடியும் முன்பே எடுப்பது பாதுகாப்பானது. வெளி நிறுவனங்களின் திட்டங்களில் ஒரு கோரிக்கைக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு இருக்கக்கூடும். அதைப் பணம் கட்டிய பிறகு தெரிந்துகொள்வதில் பயனில்லை.

விற்பவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே: பணம் வாங்கும் முன், எந்தெந்தப் பாகம் அடங்கும், எது அடங்காது என்ற முழு நிபந்தனைகளையும் தமிழில் அச்சிட்டுத் தாருங்கள். தொலைபேசியில் ஒன்றைச் சொல்லிவிட்டு ஒப்பந்தத்தில் வேறொன்றை வைத்தால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாடிக்கையாளர் தாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது.

நிபந்தனைகளைக் கேட்ட எனக்கு இதுவரை வந்திருப்பது ஒரு பக்க விளம்பரத்தாள் மட்டுமே. அதில் பேட்டரியின் படம் பெரிதாக இருக்கிறது, ஆன்போர்டு சார்ஜர் என்ற சொல் எங்குமில்லை. என் வாரண்டி முடிய இன்னும் ஏழு வாரங்கள் இருக்கின்றன. அந்தச் சொல் எழுத்தில் வந்த அன்று நான் பணம் கட்டுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்