நான்காம் விதியை நீக்கிவிடுங்கள்: மென்பொருள் போட்டிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போட்டிக் குழுவினருக்கு,

வணக்கம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டக் கல்லூரி மாணவர்களுக்காக நீங்கள் நடத்தும் மென்பொருள் உருவாக்கும் போட்டியின் இவ்வாண்டு விதிகளைப் படித்தேன். பரிசுத்தொகை கூடியிருக்கிறது, மகிழ்ச்சி. நான்காம் விதி மட்டும் போன ஆண்டு இருந்தபடியே இருக்கிறது: எல்லா அணிகளும் ஆண்ட்ராய்டு போன்களுக்கு மென்பொருள் எழுதும் கருவியான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில், ஜாவா மொழியில் மட்டுமே எழுத வேண்டும்.

போன ஆண்டுத் தலைப்பு அருமையானது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வீட்டிலிருந்தபடியே ஷூவின் மேல்பாகம் தைக்கும் பெண்கள், தங்கள் ஜோடிக் கணக்கையும் கூலியையும் குறித்துவைக்க ஒரு மென்பொருள். நான் வழிகாட்டியாக இருந்த பேரணாம்பட்டு அணியில் ஒரு மாணவியின் தாயாரே அந்தத் தையல் வேலை செய்பவர். "அம்மா போனில் இடமே இல்லை சார். புதிதாக எதையும் ஏற்ற முடியாது. பிரவுசரில் திறக்கிற ஒரு பக்கமாகச் செய்துவிடலாம். சரக்கை எடுத்துப்போக ஆள் வரும்போது எத்தனை ஜோடி என்று தட்டினால் போதும்" என்றாள்.

அன்று அந்த அறையில் என் காதில் விழுந்தவற்றில் உருப்படியான யோசனை அதுதான். நான்காம் விதியைக் காட்டி மறுத்துவிட்டார்கள். போட்டி நடந்த ஆய்வகக் கணினிகளில் 4 ஜிபி நினைவகம். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவோ குறைந்தது 8 ஜிபியாவது கேட்கும். எழுதிய நிரலை ஓடும் மென்பொருளாகக் கட்டித்தரும் அதன் துணைக்கருவி கிரேடில் (Gradle) ஓடத் தொடங்கியதும் அம்புக்குறி நகர மறுத்தது. அணைத்துப் போட்டால் மறுபடி முதலிலிருந்து. நடுவர்கள் வந்தபோது திரையில் இருந்தது ஒரு வெள்ளைப் பக்கமும், அழுத்தினால் ஒன்றும் நடக்காத ஒரு பொத்தானும். அதற்கு நீங்கள் கொடுத்த மதிப்பெண்ணில் எனக்குக் குறையில்லை. அது எதற்கான மதிப்பெண் என்பதுதான் கேள்வி.

எதை வைத்துச் செய்வது என்பது மென்பொருள் கட்டுகிறவர் எடுக்கும் முதல் முடிவு. பயன்படுத்தப்போகிறவர் கையில் என்ன போன் இருக்கிறது, அவர் தெருவில் சிக்னல் எப்படி, நம் கையில் எத்தனை மணி நேரம், அணியில் யாருக்கு எது கைவந்திருக்கிறது என்றெல்லாம் எடைபோட்டு எடுக்க வேண்டிய முடிவு அது. அதை விதித்தாளிலேயே எழுதிக் கொடுத்துவிட்டால், மாணவருடைய அறிவில் பாதியைச் சோதிக்காமலேயே விட்டுவிடுகிறீர்கள். அதிலும் ஜாவா மட்டும் ஏன்? ஆண்ட்ராய்டை உருவாக்கும் கூகுளே 2017இல் கோட்லின் என்ற வேறொரு மொழியை ஏற்றுக்கொண்டு, 2019இல் இனி அதற்கே முதலிடம் என்று அறிவித்துவிட்டது. பாடத்திட்டத்தில் ஜாவா இருக்கிறது என்பது காரணமானால், அதற்குத்தான் செமஸ்டர் தேர்வு இருக்கிறதே.

எல்லோருக்கும் ஒரே கருவி என்றால்தானே நியாயம் என்று கேட்பீர்கள். வீட்டில் 16 ஜிபி மடிக்கணினியில் அதே கருவியைப் பழகியவருக்கும், கல்லூரி ஆய்வகத்தில் வாரம் ஒருமுறை தொட்டவருக்கும் அது ஒரே கருவி அல்ல. பார்வையற்ற மாணவர் ஒருவர் பதிவு செய்தால் என்ன செய்வீர்கள்? திரையை வாசித்துக் காட்டும் என்விடிஏ என்ற இலவச மென்பொருளோடு எந்த எடிட்டர் ஒத்துப்போகிறதோ அதில்தான் அவரால் எழுத முடியும். உங்கள் விதி அந்தத் தேர்வை அவரிடமிருந்து பறித்துவிடுகிறது.

நிரல் போட்டிகளில் மொழிப் பட்டியல் உண்டு, உண்மை. கல்லூரி அணிகளுக்கான உலக நிரல் போட்டியான ஐசிபிசியில் விடைகளைக் கணினியே ஓட்டிப்பார்த்துத் தீர்ப்புச் சொல்வதால் பட்டியல் தேவைப்படுகிறது. அங்கேகூட ஒரே மொழி என்ற கட்டாயம் இல்லை. உங்கள் போட்டிக்கு நெருக்கமானது 2007 ஜனவரியில் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் நடந்த பிளாட்ஃபார்ம்ஸ் (Plat_Forms) என்ற வலைமென்பொருள் உருவாக்கும் போட்டி. அணிக்கு 3 பேராக 9 அணிகள். எல்லோருக்கும் ஒரே வேலை, 30 மணி நேரம். 3 அணிகள் ஜாவாவில், 3 பெர்லில், 3 பிஎச்பியில் எழுதின. நடுவர்களுக்குச் சிக்கல் வரவில்லையா என்றால், வேலை இன்னின்ன செய்ய வேண்டும் என்று தேவைகளைத் தெளிவாக எழுதிக் கொடுத்துவிட்டு, செய்கிறதா என்று பார்த்தார்கள். உங்களாலும் முடியும்.

காசு கொடுத்து வாங்கும் கருவிகளால் வசதியுள்ளவர்கள் முந்திவிடுவார்கள் என்ற அச்சம் சரியானது. இலவசமாகக் கிடைப்பவை மட்டும் என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. முன்பே செய்துவைத்ததைக் கொண்டுவந்துவிட்டால்? நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் நேரத்தோடு குறித்துவைக்கும் கிட் (Git) என்ற கருவியில் தொடக்கத்திலிருந்து பதியச் சொல்லுங்கள். எந்த நேரத்தில் எந்த வரி சேர்ந்தது என்று பார்த்துவிடலாம். அதிலும் நேரத்தை மாற்றிப் பதியும் கெட்டிக்காரர்கள் உண்டு. மணிக்கு ஒருமுறை உங்கள் சர்வருக்கு அனுப்பச் சொன்னால் அவர்களும் அடங்குவார்கள். செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களை அனுமதிப்பதா வேண்டாமா என்பதை மட்டும் தனி விதியாக, வெளிப்படையாக எழுதிவிடுங்கள். இப்போதைய விதிகள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஆகவே பதிவு தொடங்குவதற்கு முன் நான்காம் விதியை நீக்கி, ஒவ்வொரு அணியும் தான் தேர்ந்த மொழி, கருவி எது, ஏன் என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று மாற்றுங்கள். அந்தப் பக்கத்துக்கும் மதிப்பெண் வையுங்கள். சொந்த மடிக்கணினி கொண்டுவர அனுமதியுங்கள்; இல்லாதவர்களுக்காக ஆய்வகக் கணினிகளில் என்னென்ன நிறுவப்பட்டிருக்கிறது என்ற பட்டியலை ஒரு மாதம் முன்பே வெளியிடுங்கள். டார்ட், பைத்தான் போன்ற வேறு மொழிகளில் எழுதிய நிரலைப் படிக்கத் தெரிந்த நடுவர் போதவில்லையென்றால் சொல்லுங்கள். காட்பாடியிலும் குடியாத்தத்திலும் அந்த மொழிகளில் வேலை செய்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. ஒரு சனிக்கிழமை ஒதுக்கச் சொன்னால் வந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
போன ஆண்டு வழிகாட்டிகளில் ஒருவன்,
குடியாத்தம்